லீவு நாளில் என்ன செய்வான்?

பதினைந்து வயதுப் பையன் ஒருவன் கடல் கடந்து சர்வதேச முகாமுக்குப் போகிறான் என்றால் ஓமலூரில் எத்தனை அமர்க்களம் நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. சேலம் கடைத் தெருவில் ஷூ, ஸ்வெட்டர், பெட்டி எல்லாம் வாங்கியாகிவிடும். பாட்டி தட்டுவடையை டின்னில் அடைத்து வைப்பாள். ஊறுகாய் கொண்டு போகலாமா, கூடாதா என்று பெரிய விவாதம் நடக்கும். பக்கத்தில் கமலாபுரத்திலேயே விமான நிலையம் இருப்பதால் வழியனுப்ப வருகிறவர்களுக்கும் பஞ்சமிராது. ஆனால், "முகாமில் ஒரு நாள் லீவு விட்டால் நீ என்னடா செய்வாய்?" என்று மாத்திரம் ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

இது ஒரு கேள்வியா? லீவைக் கழிக்கப் பையன்களுக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்? வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

முகாமில் மற்ற நாட்களைப் பற்றிக் கவலையில்லை. விடியற்காலையில் விசில் ஊதினால் அப்புறம் மூச்சு விட நேரமிராது. கொடி வணக்கம், சமையல், மலையேற்றம், நீச்சல், இரவில் தீ மூட்டிப் பாட்டும் கூத்தும் என்று பொழுது ஓடிவிடும். படுத்தவுடன் தூக்கம். லீவு நாள் அப்படியல்ல. விசில் இல்லை, வரிசை இல்லை. அழுக்குத் துணி மூட்டை ஒன்று மூலையில் கிடக்கிறது. கூடாரத்து வாசலில் உட்கார்ந்தால் சேர்வராயன் மலை தெரியாது. சரபங்கா நதி தெரியாது. பாஷை புரியாத முகங்கள்தான் தெரியும். அப்போதுதான் அம்மா ஞாபகம் வந்து தொண்டையை அடைக்கும்.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கிறிஸ்டோபர் தர்பர் என்ற அமெரிக்க மனோதத்துவ நிபுணர் முகாமுக்கு வந்த 329 பையன்களைக் கவனித்து 1995-ல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார். எட்டு வயதிலிருந்து பதினாறு வயது வரையுள்ள பையன்கள் அவர்கள். அவர்களில் 83 சதவிகிதம் பேர் ஒரு நாளாவது வீட்டு ஏக்கம் வந்ததாகச் சொன்னார்கள். மீசை அரும்பியவனும் இதில் அடக்கம்! கடுமையாக வாடினவர்கள் கொஞ்சம் பேர்தான். ஏக்கத்தை மறக்கப் பையன்கள் அதிகமாகக் கையாண்ட வழி, ஏதாவது வேடிக்கையான காரியத்தில் இறங்கிவிடுவது. லீவு நாளில் அந்த வேடிக்கையை அவனேதான் தேடிக்கொள்ள வேண்டும். சங்கடம் அங்கேதான்.

கேட்காமலே வந்து சேர்ந்த லீவும் ஒன்று உண்டு. 2023 ஆகஸ்டில் தென் கொரியாவில் ஸெமாங்கும் என்ற இடத்தில் 25-வது உலக சாரணர் ஜாம்போரி நடந்தது. பதினாலிலிருந்து பதினேழு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கான கூட்டம் அது. பெண்களும் உண்டு. 150-க்கு மேற்பட்ட தேசங்களிலிருந்து சுமார் 43,000 பேர் கூடினார்கள். இடமோ, கடலுக்கு அணை கட்டி மீட்ட நிலம். ஒதுங்க மரநிழல் இல்லை. வெயில் 35 டிகிரி. அதெல்லாம் நம் சேலத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பொருட்டா என்பீர்கள். ஆனால் தரையில் சேறு, காற்றில் புழுக்கம், போதாததற்குப் பூச்சிக்கடி. நூற்றுக்கணக்கான பிள்ளைகள் வெப்பத்தால் நோயுற்றார்கள். பிரிட்டனும் அமெரிக்காவும் சிங்கப்பூரும் தங்கள் பிள்ளைகளை முன்னதாகவே அழைத்துக்கொண்டு வெளியேறின. மிஞ்சியவர்களுக்குக் கானூன் என்ற புயல் வருகிறதென்று செய்தி வந்தது. ஆகஸ்டு 8-ந் தேதி ஆயிரத்துக்கும் மேற்பட்ட பஸ்களில் எல்லோரையும் ஏற்றி, உள்நாட்டுக் கல்லூரி விடுதிகளிலும் பயிற்சி நிலையங்களிலும் கொண்டுபோய் இறக்கினார்கள்.

முகாமே போய்விட்டது. 12-ந் தேதி வரை போட்டிருந்த திட்டமெல்லாம் காற்றில் பறந்தது. அப்புறம் பிள்ளைகள் என்ன செய்தார்கள்? அந்தந்த ஊர்க்காரர்கள் காட்டிய அரண்மனையையும் காட்சிசாலையையும் பார்த்தார்கள். 11-ந் தேதி ஸியோல் உலகக் கோப்பை ஸ்டேடியத்தில் பாட்டுக் கச்சேரி கேட்டார்கள். ஏற்பாட்டின் லட்சணத்தைப் பற்றி அந்தத் தேசத்திலேயே எத்தனையோ கண்டனங்கள் எழுந்தன, எழ வேண்டியதுதான். ஆனாலும் ஓய்வு நேரம் எங்கே கிடைத்தாலும் சாரணப் பிள்ளைகள் கைவிடாத பழக்கம் ஒன்று உண்டு. ஒரு துணியை விரித்து, தங்கள் ஊர்ச் சின்னங்களையும் கழுத்து ஸ்கார்பையும் பரப்பிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். "உன்னுடையதைக் கொடு, என்னுடையதை எடுத்துக்கொள்" என்று பண்டமாற்று நடக்கும். இதற்குப் பாஷை வேண்டியதில்லை. விரலும் சிரிப்பும் போதும். நம் பாட்டியின் தட்டுவடைக்கு அங்கே என்ன மதிப்பு என்று அப்போதுதான் தெரியும்! சேலத்துத் தட்டுவடை செட்டுக்குக் காரட்டும் பீட்ரூட்டும் அந்த ஊரிலும் கிடைக்கும், சட்னிக்குத்தான் திண்டாட்டம்.

கூச்சப்படுகிற பையன் அந்தத் துணியருகே போய் உட்காருவதற்குக் கொஞ்சம் பழக்கம் வேண்டும். தர்பரும் வால்டன் என்ற குழந்தை வைத்தியரும் சேர்ந்து 2007-ல் பெற்றோருக்கும் டாக்டர்களுக்கும் சில யோசனைகள் எழுதினார்கள். போவதா வேண்டாமா என்று தீர்மானிப்பதில் பிள்ளைக்கும் பங்கு இருக்கட்டும். முன்கூட்டியே சில நாட்கள் வீட்டை விட்டுத் தங்கிப் பழகட்டும் என்கிறார்கள். இன்னொன்றும் சொல்கிறார்கள்: "பிடிக்காவிட்டால் சொல்லு, வந்து அழைத்துப் போகிறேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். நம்மவர்கள் ரயில் புறப்படும்போது தவறாமல் சொல்கிற வார்த்தை அதுதான்! கேட்ட பையன், 'ஓகோ, பிடிக்காமல் போகும் போலிருக்கிறது' என்று அப்போதே தீர்மானித்து விடுகிறான்.

தங்கிப் பழக வெளிநாடுதான் போக வேண்டுமென்பதில்லை. 2025 ஜனவரி கடைசியில் பாரத சாரண சாரணியரின் வைரவிழா ஜாம்போரி நம் மணப்பாறையிலேயே நடந்தது. அதுவும் இல்லையென்றால் ஏற்காட்டில் பள்ளிக்கூட முகாம், தாரமங்கலத்தில் அத்தை வீடு. அத்தை வீட்டில் இரண்டு நாள் இருக்கட்டும். தன் சட்டையைத் தானே துவைத்துக் காயப்போடட்டும். டெலிபோனை அப்பாவிடம் கொடுத்துவிட்டு ஒரு பகல் முழுவதையும் கழித்துப் பார்க்கட்டும். முதல் நாள் "போர் அடிக்கிறது" என்பான். இரண்டாம் நாள் தெருப் பையன்களோடு எங்கேயோ போயிருப்பான். சாப்பாட்டுக்குத் தேட வேண்டியிருக்கும்.

டெலிபோன் என்றதும் அம்மாமார்களுக்கு ஒரு வார்த்தை. தினம் நாலு தடவை முகம் பார்த்துப் பேசினால் ஏக்கம் தீருமென்று எண்ண வேண்டாம். ஆறிக்கொண்டிருக்கிற புண்ணைக் கிளறிவிடவும் கூடும். "நீ இல்லாமல் வீடே வெறிச்சென்றிருக்கிறது" என்பதை மாத்திரம் சொல்லவே சொல்லாதீர்கள். "இன்றைக்கு யாரோடு சாப்பிட்டாய்?" என்று கேளுங்கள்.

கொரியாவில் இரவு ஒன்பது மணி அடிக்கும்போது ஓமலூரில் மாலை ஐந்தரை. அங்கே லீவு நாள் முடிந்து, பண்டமாற்றில் கிடைத்த சின்னங்களைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு பையன் தூங்கிப் போயிருப்பான். இங்கே அம்மாதான் காப்பியை ஆறவிட்டு, டெலிபோனையே பார்த்துக்கொண்டிருப்பாள்.