கம்ப்யூட்டர் கணக்கும் எண்ணெய் டின்னும்

நம் சங்க உறுப்பினர்களின் கடைகள் பலவற்றில் இப்போது பில் போடுவதும் இருப்புப் பார்ப்பதும் கம்ப்யூட்டர்தான். படித்துவிட்டுக் கடைக்கு வரும் பிள்ளைகள், எந்தச் சரக்கு முதலில் வாங்க வேண்டும், எதைக் குறைக்க வேண்டும் என்பதையும் அதனிடமே கேட்கிறார்கள். அதுவும் தயங்காமல் பதில் சொல்கிறது. துவரம் பருப்புக்கு இத்தனை மதிப்பெண், ஏலக்காய்க்கு இத்தனை என்று வரிசை போட்டுக் கொடுக்கிறது. அந்த மதிப்பெண் எப்படி வந்தது என்று கேட்டால்தான் கடையில் யாருக்கும் தெரிவதில்லை. முதல் போடுவது நாம் என்பதால், அதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நமக்கு நல்லது. எட்டாம் வகுப்புக் கணக்குக்கு மேல் அதில் ஒன்றும் கிடையாது.

வெவ்வேறு அளவில் இருக்கும் எண்களை ஒப்பிடும் முன் ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டும். கம்ப்யூட்டர்காரர்கள் இதற்கு நார்மலைசேஷன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வேலை என்னவோ நமக்குப் பழையதுதான். வீசையும் மணங்கும் நம் தகப்பனார் காலத்து அளவுகள். நாற்பது பலம் ஒரு வீசை, எட்டு வீசை ஒரு மணங்கு. படி என்றால் ஊருக்கு ஊர் வேறு படி. 1956-இல் சட்டம் வந்து, 1958 அக்டோபரில் தொடங்கிப் படிப்படியாக மெட்ரிக் எடைகள் வந்த பிறகுதான் ஊர் விட்டு ஊர் விலை கேட்டு உடனே ஒப்பிட முடிந்தது.

மெட்ரிக் வந்ததோடு தொல்லை தீர்ந்துவிட்டதா என்றால் இல்லை. எண்ணெயை எடுத்துக்கொள்ளுங்கள். 15 கிலோ டின்னும் வருகிறது, 15 லிட்டர் டின்னும் வருகிறது. உதாரணத்துக்கு, கிலோ டின் ரூ.2,400, லிட்டர் டின் ரூ.2,250 என்று வைத்துக்கொள்வோம். பார்த்தால் லிட்டர் டின் 150 ரூபாய் மலிவு. கடலை எண்ணெய் ஒரு லிட்டர் ஏறக்குறைய 910 கிராம்தான் நிற்கும். அப்படியானால் 15 லிட்டர் டின்னில் இருப்பது 13.65 கிலோ. கிலோ டின்னில் கிலோ 160 ரூபாய். லிட்டர் டின்னில் 164 ரூபாய் 80 காசு. மலிவு என்று வாங்கிய டின்னில் 66 ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருக்கிறோம். மாதம் 50 டின் ஓட்டுகிற கடையில் இது 3,300 ரூபாய்.

இதிலும் இன்னொரு நுணுக்கம் உண்டு. எண்ணெய் சூடானால் விரியும். சோயா எண்ணெய் ஒரு லிட்டர் 21 டிகிரியில் 919.1 கிராம், அதுவே 60 டிகிரியில் 892.6 கிராம். சில தயாரிப்பாளர்கள் 60 டிகிரிக் கணக்கில் லிட்டரை அச்சிட்டு வந்ததால், 2022-இல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, வெப்பநிலையைக் குறிப்பிடாமல் அளவையும் எடையையும் சரியாகப் போடும்படி அறிவுறுத்தியது. பாக்கெட்டில் கிராமுக்கோ கிலோவுக்கோ என்ன விலை என்று அச்சிட வேண்டும் என்ற திருத்தம் 2021-இல் அறிவிக்கப்பட்டதும் இதே நோக்கத்துக்காகத்தான். ஒரு கிலோவுக்குக் குறைந்த பாக்கெட்டுக்குக் கிராம் விலை, கூடியதற்குக் கிலோ விலை.

லிட்டரை எடையாக்குவதில் பெரிய இடங்களே தடுக்கி விழுந்திருக்கின்றன. 1983 ஜூலை 23 அன்று ஏர் கனடா விமானம் ஒன்றுக்கு 22,300 கிலோ எரிபொருள் தேவைப்பட்டது. டேங்கில் இருந்த லிட்டரைக் கிலோவாக்க ஏறக்குறைய 0.8-ஆல் பெருக்க வேண்டும். அவர்கள் பழைய பழக்கத்தில், பவுண்டுக்கு உரிய 1.77-ஆல் பெருக்கிவிட்டார்கள். தேவையில் பாதிகூட ஏறவில்லை. நடுவானில் எரிபொருள் தீர்ந்து, இயந்திரம் ஓடாமலே மிதந்து வந்து கிம்லி என்ற ஊரில் பழைய விமான தளத்தில் இறங்கியது. யாரும் சாகவில்லை என்பது விமானியின் கைத்திறமை. கணக்குப் போட்டவர்கள் பெருக்கலில் பிழை செய்யவில்லை. எடுத்த எடைக்கல்தான் வேறு.

கம்ப்யூட்டரில் நாம் பதியும்போதும் இதேதான் நடக்கிறது. ‘அரிசி 1 மூட்டை’ என்று பதிகிறோம். 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையிலான, லேபிள் ஒட்டிய அரிசிச் சிப்பத்துக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்ததும் 26 கிலோ சிப்பம் வர ஆரம்பித்தது நம் எல்லோருக்கும் தெரியும். கம்ப்யூட்டருக்கு அது தெரியுமா? 25-ம் ஒரு மூட்டை, 26-ம் ஒரு மூட்டை, 75-ம் ஒரு மூட்டை. காற்புள்ளியும் ஒரு வில்லங்கம். நாம் 1,25,000 என்று எழுதினால் சில புரோகிராம்கள் முதல் காற்புள்ளியிலேயே நின்று 1 என்று மட்டும் எடுத்துக்கொள்ளும். லட்சத்து இருபத்தையாயிரம் ஒரு ரூபாய் ஆகிவிடும். தவறு என்று கத்தாது. பேசாமல் கூட்டிக்கொண்டே போகும்.

இதுவரை சொன்னது ஒரே சரக்கின் அளவுகள். வெவ்வேறு சரக்குகளை வரிசைப்படுத்தும்போதுதான் மதிப்பெண் வருகிறது. துவரம் பருப்பு வாரம் 400 கிலோ போகிறது, கிலோவுக்கு லாபம் 6 ரூபாய். ஏலக்காய் வாரம் ஒன்றரைக் கிலோ போகிறது, கிலோவுக்கு லாபம் 300 ரூபாய். நாம் என்ன செய்வோம்? பெருக்கிப் பார்ப்போம். 2,400 ரூபாயும் 450 ரூபாயும். புரோகிராமோ விற்பனை ஒன்று, லாபம் ஒன்று, சரக்குத் தங்கும் நாள் ஒன்று என்று தனித்தனியாக மதிப்பிட்டுக் கூட்டுகிறது. எண்களை அப்படியே கூட்டினால் பருப்புக்கு 406, ஏலக்காய்க்கு 301.5, பருப்பு முதலிடம். விற்பனையைக் கிலோவில் போடாமல் குவிண்டாலில் போட்டுவிட்டால் பருப்பு 4-ம் 6-ம் சேர்ந்து 10, ஏலக்காய் 300 சொச்சம், ஏலக்காய் முதலிடம்! கடையும் அதேதான், சரக்கும் அதேதான். அளவு மாறியதும் வரிசை தலைகீழாகிவிட்டது.

அதனால்தான் கூட்டும் முன் எல்லாவற்றையும் பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே கொண்டுவருகிறார்கள். இதற்கென ஆயத்தமாக எழுதி வைத்த நிரல் தொகுப்புகள் இருக்கின்றன, லைப்ரரி என்பார்கள். புத்தகசாலை என்று நினைக்க வேண்டாம், அது ஓர் எடைக்கல் பெட்டி. கல்லை ஒவ்வொரு கடைக்காரரும் தானே வார்ப்பதில்லை அல்லவா, அதுபோலப் புரோகிராம் எழுதுகிறவரும் பெட்டியிலிருந்து எடுத்துக்கொள்கிறார். பைத்தான் மொழியில் சைக்கிட்-லேர்ன் என்ற தொகுப்பு 2007-இல் தொடங்கப்பட்டது. யாரும் காசு கொடுக்காமல் எடுத்துக்கொள்ளலாம். பெரிய தொகுப்புதான் என்றாலும் எண்களைச் சமப்படுத்தும் பகுதி அதில் ஒரு சிறு மூலை. அங்கே பல கற்கள் இருக்கின்றன. எந்தக் கல்லை எடுப்பது என்பதில்தான் நம் பணம் இருக்கிறது.

அதிகம் பேர் எடுப்பது எளிய கல். இருப்பதில் மிகச் சிறியது பூஜ்யம், மிகப் பெரியது ஒன்று, மற்றவை நடுவில். வெல்லத்தை எடுத்துக்கொள்வோம். ஆறு வாரத்தில் 10, 11, 12, 13, 14 கிலோ என்று போய், பொங்கல் வாரத்தில் 110 கிலோ போயிற்று என்றால், சிறியதற்கும் பெரியதற்கும் வித்தியாசம் 100. அந்தக் கணக்கில் சாதாரண வாரங்கள் 0, 0.01, 0.02, 0.03, 0.04 என்றும் பொங்கல் வாரம் 1 என்றும் ஆகும். பத்துக் கிலோ பதினாலு கிலோ ஆனது நமக்கு நூற்றுக்கு நாற்பது கூடுதல். கம்ப்யூட்டர் கண்ணுக்கு அது தூசி. வெல்லம் மந்தம் என்று சொல்லி வாங்குவதைக் குறைக்கச் சொல்லும். அடுத்த பொங்கலுக்கு 130 கிலோ போனால், பழைய அளவை வைத்தே கணக்குப் போடும் புரோகிராம் 1.2 என்று காட்டும். ஒன்றுக்கு மேல் எப்படிப் போயிற்று என்று பிள்ளைகள் தலையைச் சொறிவார்கள்.

சராசரியை வைத்துக் கணக்கிடும் கல்லும் இங்கே சரிப்படாது. மேலே சொன்ன ஆறு வாரத்தின் சராசரி 28 கிலோவுக்கு மேல். எந்த வாரமும் 28 கிலோ போகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எண்களை வரிசையாக அடுக்கி நடுவில் நிற்பதைப் பார்த்தால் 12.5 கிலோ. கடையில் நிற்கிற நமக்குத் தெரிந்த வெல்லம் அதுதான். அந்த நடு எண்ணை வைத்துக் கணக்கிடும் கல்லும் சைக்கிட்-லேர்ன் பெட்டியில் இருக்கிறது, ரோபஸ்ட் ஸ்கேலர் என்று பெயர். பண்டிகைச் சரக்குக்கு அதைக் கேட்டு வாங்க வேண்டும். மென்பொருள் போட்டுக் கொடுப்பவர் தானாக வைக்கமாட்டார். அவருக்கு வெல்லம் தெரியாது.

உப்பு விஷயத்தில் வேறு வேடிக்கை. வாரா வாரம் ஒரே விலை என்றால் பெரியதற்கும் சிறியதற்கும் வித்தியாசம் பூஜ்யம். பூஜ்யத்தால் வகுக்க முடியாது. சைக்கிட்-லேர்னில் இதற்கு வழி செய்திருக்கிறார்கள், அங்கே வகுக்கும் எண்ணை 1 என்று வைத்துக்கொள்ளும். அவசரமாகக் கையால் எழுதிய புரோகிராம் அந்த இடத்தில் நின்றுவிடும்.

எல்லாவற்றையும்விட நம்மை அதிகம் பாதிப்பது காலிக் கட்டம். உளுந்து இல்லாமல் கடை ஒரு வாரம் நடந்தது என்றால் அந்த வார விற்பனை பூஜ்யம் என்று பதிவாகும். வாடிக்கையாளர் கேட்டுக் கேட்டுப் போயிருப்பார். இல்லை என்று சொல்லி அனுப்பியது பில்லில் ஏறாது. சரக்கு இருந்தும் போகாத வாரமும் பூஜ்யம், சரக்கே இல்லாத வாரமும் பூஜ்யம். இரண்டையும் ஒன்றாக்கினால் நன்றாக ஓடும் உளுந்துக்கு மதிப்பெண் விழும், மதிப்பெண் விழுந்தால் குறைவாக வாங்குவோம், குறைவாக வாங்கினால் மறுபடியும் தீரும். சரக்கு இல்லாத வாரத்தைக் காலியாகவே விடச் சொல்லுங்கள். மேசை மேல் ஒரு சிட்டை வைத்து, இல்லை என்று சொன்ன சரக்கைக் குறித்து வந்தால் அந்த வாரங்கள் எவை என்று தெரிந்துவிடும்.

சமப்படுத்திய எண் வந்ததும் மூல எண்ணை அழித்துவிடும் மென்பொருள்களும் இருக்கின்றன. இடம் மிச்சமாம். கிலோவும் ரூபாயும் உள்ள பழைய பதிவு பக்கத்திலேயே இருக்கும்படி கேட்டு வாங்குங்கள். வாராந்திரக் கொள்முதலுக்கு வெல்லம் 12.5 கிலோ போதும். மார்கழிக் கடைசியில் வெல்ல மண்டிக்கு ஆர்டர் சொல்லும்போது நமக்கு வேண்டியது அந்த 110.