ஸ்டியரிங்கைத் திருப்புவது யார்?

பஸ்ஸில் ஏறியதும் ஓட்டுநர் பக்கத்தில் போய் நின்று, அவர் கையையே பார்க்கிற பிள்ளைகளை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அவ்வளவு பெரிய பஸ். அவர் ஒரே கையால் திருப்பிவிடுகிறார். எப்படி? இந்தக் கேள்வி உங்களுக்குத் தோன்றியிருந்தால் நீங்கள் கெட்டிக்காரர்கள். இன்றைக்கு அதைத்தான் பேசப் போகிறோம்.

முதலில் பர்மாவில் இருக்கிற யாங்கோனுக்குப் போய் வருவோம். நம் தாத்தாக்கள் ரங்கூன் என்று சொன்ன அதே ஊர். அங்கே அனோரதா சாலைப் பக்கம் தமிழர்கள் 1871-இல் கட்டிய காளி கோயில் இருக்கிறது. அந்தப் பக்கம் நின்று சாலையைக் கொஞ்ச நேரம் கவனியுங்கள். நகருக்குள் மோட்டார் பைக்குக்குத் தடை. அதனால் எங்கே பார்த்தாலும் கார்தான். எல்லாம் சாலையின் வலப்பக்கமாக ஓடும். ஓட்டுநர் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார்? பெரும்பாலான கார்களில் அவரும் வலப்பக்கம்தான்!

நம் ஊரில் வண்டி இடப்பக்கம் போகும், ஓட்டுநர் வலப்பக்கம் இருப்பார். எதிரே வருகிற வண்டி அவருக்கு நன்றாகத் தெரியும். யாங்கோனிலோ ஓட்டுநர் நடைபாதையை ஒட்டி உட்கார்ந்திருக்கிறார். முன்னால் போகிற லாரியை முந்த வேண்டும் என்றால் கழுத்தை எட்டி எட்டிப் பார்க்க வேண்டும்.

பர்மாவும் ஒரு காலத்தில் நம்மைப் போல இடப்பக்கம்தான் ஓட்டியது. 1970 டிசம்பர் 6-ஆம் தேதி அரசு ஒரே நாளில் வலப்பக்கத்துக்கு மாற்றிவிட்டது. சாலை மாறியது, வண்டிகள் மாறவில்லை. பிறகு வந்தவையும் பெரும்பாலும் ஜப்பானின் பழைய கார்களே. ஜப்பான் இடப்பக்கம் ஓட்டுகிற நாடு. அதனால் அந்தக் கார்களில் ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்கும்.

அந்த ஊரில் இன்னொரு கதையும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் வந்த வில்லிஸ் ஜீப்புகள் நிறைய அங்கேயே தங்கிவிட்டன. அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் புது வண்டி இறக்குமதி செய்வது லேசான காரியமில்லை. 2011-இல்தான் கட்டுப்பாடு தளர ஆரம்பித்தது. அதுவரை பட்டறைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? பழைய ஜீப்பின் சட்டத்தை எடுத்தார்கள். தகட்டைக் கையால் தட்டி உடம்பு செய்தார்கள். ஜப்பான் எஞ்சினைத் தூக்கி வைத்தார்கள். அந்தத் துணிச்சலை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வியப்புதான்.

எஞ்சின் பலத்தால் நம் கைக்கு உதவுகிற ஏற்பாட்டுக்குப் பவர் ஸ்டியரிங் என்று பெயர். பஸ் ஓட்டுநரின் ரகசியமும் அதுதான். வில்லிஸ் ஜீப்பில் அது கிடையாது. நின்ற இடத்தில் திருப்பினால் தோள் வலிக்கும். ஜப்பான் காரின் பவர் ஸ்டியரிங்கை இதில் பொருத்தலாம். பொருத்துகிற கையோடு, ஜப்பான் காரில் வலப்பக்கம் இருந்த அந்த ஸ்டியரிங்கை இடப்பக்கத்துக்கு மாற்றிவிடலாம். ஆசை நல்ல ஆசைதான். ஆனால் எண்ணெய் தள்ளுகிற பம்ப் எஞ்சினின் ஒரு பக்கம், சக்கரத்தைத் திருப்புகிற ஸ்டியரிங் பெட்டி மறுபக்கம். காரோடு வந்த குழாய்கள் எட்டாது. புதிதாகக் குழாய் செய்ய வேண்டும். எந்தக் குழாய் எந்தத் துளைக்கு? நம் பாடம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

அதற்கு முன்னால் ஒரு சின்னச் சோதனை. ஊசி இல்லாத சிரிஞ்ச் இரண்டு வாங்குங்கள். ஒன்று சின்னது, ஒன்று பெரியது. இரண்டையும் மீன்தொட்டிக்குப் போடுகிற மெல்லிய குழாயால் இணையுங்கள். உள்ளே காற்று இல்லாமல் தண்ணீர் நிரப்புங்கள். இப்போது சின்னதை அழுத்துங்கள். பெரியது மெதுவாக எழும்பும். உங்கள் தம்பி பெரியதைக் கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்தாலும் அவனால் நிறுத்த முடியாது!

ஏன்? திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் அதே அளவில் போய்ச் சேரும். 17-ஆம் நூற்றாண்டில் பிரான்ஸ் நாட்டு பாஸ்கல் சொன்ன விதி இது. பெரிய சிரிஞ்சின் பரப்பு ஐந்து மடங்கு என்றால் விசையும் ஐந்து மடங்கு. புரிகிறதா? புரியாவிட்டால் சிரிஞ்சை இன்னொரு முறை அழுத்திப் பாருங்கள். நான் இங்கேயே இருக்கிறேன்.

காரில் தண்ணீருக்குப் பதில் எண்ணெய். அழுத்துவது எஞ்சின். பெல்ட் ஒன்று பம்பைச் சுற்றும். பம்ப் ஒரு தொட்டியிலிருந்து எண்ணெயை எடுத்துத் தள்ளும். வண்டி நேராகப் போகும்போது அழுத்தம் கொஞ்சம்தான். சக்கரத்தை முழுக்க ஒடிக்கும்போது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 70 கிலோவையும் தாண்டிப் போகும். கார் டயரில் இருப்பது சுமார் 2 கிலோதான். யோசித்துப் பாருங்கள்!

இவ்வளவு பலமான எண்ணெய் எப்போது உதவ வேண்டும், எப்போது சும்மா இருக்க வேண்டும் என்பது அதற்கு எப்படித் தெரியும்? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். மெதுவாகப் போவோம்.

ஸ்டியரிங் தண்டின் கீழே, பெட்டிக்குள், ஓர் எஃகுக் கம்பி இருக்கிறது. பென்சில் பருமன்தான் இருக்கும். அதன் மேல் முனை உங்கள் கையிலிருக்கும் ஸ்டியரிங்கோடு சேர்ந்தது. கீழ் முனை சக்கரத்தைத் திருப்புகிற பல்சக்கரத்தோடு சேர்ந்தது. நீங்கள் இடப்பக்கம் திருப்புகிறீர்கள். டயர் தரையைப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்கிறது. மேல் முனை நகர்ந்துவிட்டது, கீழ் முனை நகரவில்லை. கம்பி என்ன ஆகும்? கொஞ்சமாக முறுக்கிக்கொள்ளும். சில டிகிரிதான்.

கம்பியைச் சுற்றி, ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு எஃகு உருளைகள். ஒன்று மேல் முனையோடு சுழலும், மற்றது கீழ் முனையோடு. இரண்டிலும் நீளக் காடிகள் வெட்டியிருக்கும். கம்பி முறுக்கினால் காடிகள் விலகும், எண்ணெய்க்கு ஒரு பக்கம் வழி திறக்கும். சக்கரத்தைத் தள்ளித் திருப்ப ஒரு பிஸ்டன் உண்டு. எண்ணெய் அதன் அந்தப் பக்கம் போய்த் தள்ளும். சக்கரம் இடப்பக்கம் திரும்பும். திரும்பியதும் கீழ் முனை மேல் முனையை எட்டிப் பிடித்துவிடும். முறுக்கு அவிழும், காடிகள் நேராகும், எண்ணெய் பேசாமல் தொட்டிக்குத் திரும்பும்.

நீங்கள் ஒரு கூடை செயின் தலோன் மாம்பழத்தைத் தூக்குகிறீர்கள் என்று வையுங்கள். பர்மாவில் பேர்போன மாம்பழம் அது. மாமா வந்து கூடையின் மறு காதைப் பிடிக்கிறார். நீங்கள் தூக்கினால் தூக்குகிறார். நிறுத்தினால் நிறுத்துகிறார். நல்ல மாமா!

இப்போது குழாய்களைப் பார்ப்போம். பம்பிலிருந்து பெட்டிக்கு வருவது அழுத்தக் குழாய். உள்ளே நூல் பின்னல் வைத்த தடித்த ரப்பர். இரு முனையிலும் இரும்பை நெரித்துப் பொருத்தி, மரை போட்ட நட்டால் முறுக்குவார்கள். பெட்டியிலிருந்து தொட்டிக்குத் திரும்புவது திரும்புகுழாய். இதில் அழுத்தம் அதிகம் இருக்காது. சாதா ரப்பர் ஹோஸ், ஒரு கிளிப், அவ்வளவுதான். பிஸ்டனின் இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் போகும் மெல்லிய இரும்புக் குழாய்கள் இரண்டு தனி.

முதல் இரண்டை மாற்றிப் போட்டால்? திரும்புகுழாய் 70 கிலோ அழுத்தத்தைத் தாங்காது. வெடிக்கும், அல்லது கிளிப்போடு பிய்த்துக்கொண்டு போகும். சூடான எண்ணெய் எஞ்சின் மேல் தெறிக்கும். பெட்டியின் மேல்முனை சீலும் கசிய ஆரம்பிக்கும். இந்தத் தவறு நடக்கக் கூடாது என்றுதான் சில கம்பெனிகள் இரண்டு துளைகளையும் வேறு வேறு அளவில் செய்கின்றன. மாற்றிப் போட்டால் நட் ஏறாது. ஆனால் பட்டறையில் என்ன செய்கிறோம்? ஒரு காரின் பம்ப், இன்னொரு காரின் பெட்டி. பொருந்தவில்லை என்றதும் லேத்தில் அடாப்டர் கடைந்து பொருத்திவிடுகிறோம். காவலுக்கு இருந்த வித்தியாசம் அங்கேயே போய்விடுகிறது.

இடம், வலம் போகிற இரண்டையும் மாற்றிவிட்டால் கதை இன்னும் விபரீதம். நீங்கள் இடப்பக்கம் திருப்புகிறீர்கள். கம்பி முறுக்குகிறது. எண்ணெய் தவறான பக்கம் போய்ச் சக்கரத்தை வலப்பக்கம் தள்ளுகிறது. கீழ் முனை உங்களைவிட்டு இன்னும் விலகுகிறது. முறுக்கு அவிழுமா? அவிழாது, கூடும்! கூடக் கூட வழி பெரிதாகத் திறக்கும், தள்ளுதலும் பலமாகும். ஸ்டியரிங் உங்கள் கையைப் பிடுங்கிக்கொண்டு ஒரு மூலைக்குச் சுழன்றுவிடும். கூடையை நீங்கள் தூக்கத் தூக்க மாமா கீழே அமுக்கினால் எப்படி இருக்கும்? அதேதான். நீங்கள் ஸ்டியரிங்கைத் தொடக்கூட வேண்டாம். மயிரிழை முறுக்கு இருந்தாலே போதும். எஞ்சினைக் கிளப்பியதும் தானாகத் துள்ளும்.

அதனால் நல்ல மெக்கானிக் குழாயைக் கழற்றுமுன் ஒவ்வொன்றிலும் பெயிண்டால் அடையாளம் வைப்பார். புதிதாகக் கட்டிய வண்டி என்றால் முன்சக்கரங்களைத் தரையைத் தொடாதபடி தூக்கி நிறுத்துவார். எஞ்சினைக் கிளப்பாமலே தொட்டியில் எண்ணெய் ஊற்றி, ஸ்டியரிங்கை இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் மெதுவாகத் திருப்புவார். உள்ளே மாட்டிய காற்று குமிழ் குமிழாக வெளியேறும். காற்று ஏன் ஆகாது? உங்கள் சிரிஞ்சில் பாதிக் காற்றை விட்டு அழுத்திப் பாருங்கள், உங்களுக்கே தெரியும். குமிழ் நின்ற பிறகுதான் சாவியைத் திருப்புவார். ஸ்டியரிங் ஆரங்களுக்குள் கையை விடமாட்டார். இன்னொருவர் விரல் சாவியிலேயே இருக்கும். துள்ளினால் உடனே நிறுத்தியாக வேண்டும்.

பிரேக் ஆயிலை மட்டும் இதில் ஊற்றவே கூடாது. இரண்டும் எண்ணெய்தானே என்று தோன்றும். பிரேக் ஆயில் பட்டால் இந்த ரப்பர் சீல்கள் உப்பிக் கெட்டுவிடும்.

கசிவு தேடுவதும் ஒரு கலை. எஞ்சின் ஓடும்போது குழாயை விரலால் தடவிப் பார்க்கக் கூடாது. ஊசித்துளை வழியாகப் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அட்டைத் துண்டை நீட்டினால் போதும், எங்கே ஈரமாகிறது என்று பார்த்துக்கொள்ளலாம். இதெல்லாம் பெரியவர்கள் வேலை. நீங்கள் அட்டைத் துண்டை எடுத்துக் கொடுங்கள், தள்ளி நின்று கவனியுங்கள்.

பவர் ஸ்டியரிங்கை முதலில் ஓடவிட்டுக் காட்டியவர்களில் ஒருவர் அமெரிக்காவின் பிரான்சிஸ் டேவிஸ். 1926-இல் ஒரு பியர்ஸ்-ஆரோ காரில் பொருத்தி ஓட்டினார். செலவு அதிகம் என்று கார் கம்பெனிகள் தள்ளிப்போட்டன. கடைசியில் 1951-இல் கிரைஸ்லர் இம்பீரியல் காரில்தான் பவர் ஸ்டியரிங் கடைக்கு வந்தது. கால் நூற்றாண்டுக் காத்திருப்பு!

“எஞ்சின் நடுவழியில் நின்றுவிட்டால் ஸ்டியரிங் திரும்பாதா, மாமா?” என்று யாரோ கேட்பது காதில் விழுகிறது. சபாஷ், நல்ல கேள்வி. திரும்பும். முறுக்குக் கம்பி தன் எல்லை வரை முறுக்கியதும் மேல் தண்டும் கீழ்த் தண்டும் ஒன்றையொன்று முட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு இரும்பு இரும்பைத் திருப்பும், எண்ணெய் தேவையில்லை. கனமாக இருக்கும், இரண்டு கையும் வேண்டும். ஆனாலும் வண்டியை ஓரம்கட்டிவிடலாம்.