சதையில் இல்லை, நரம்பில்

"அம்மாவுக்கு 74 வயது. மருத்துவர் சீட்டில் 'சார்கோபீனியா' என்று எழுதியிருக்கிறார். இது புது நோயா? புரதப் பவுடர் கொடுத்தால் சரியாகுமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். தளர்ச்சி பழையது, பெயர்தான் புதிது. அந்தப் பெயர் வந்ததில் பவுடர் விற்பவர்களுக்குப் பெருமகிழ்ச்சி.

பெயர் வந்த கதையைச் சட்டென்று முடித்துவிடலாம். 1988-ல் அமெரிக்காவின் அல்புகர்க்கியில் ஒரு கூட்டம். முதுமையில் தசை கரைவதை யாரும் பொருட்படுத்துவதில்லை, கிரேக்கத்தில் ஒரு பெயர் வைத்தால் கவனிப்பார்கள் என்று நினைத்தார் ஆய்வாளர் இர்வின் ரோசன்பர்க். சார்கோமலேசியா, சார்கோபீனியா என இரண்டைச் சொல்லிப் பார்த்தார். இரண்டாவது நிலைத்தது: சதைப் பஞ்சம் என்று பொருள். கணக்கும் பலித்தது. 2016-ல் அமெரிக்க நோய்ப் பட்டியலில் அதற்குத் தனிக் குறியீடே கிடைத்துவிட்டது.

ஆனால் முதுமையில் சதை குறைவதைவிட வேகமாக வலு குறைகிறது. அப்படியானால் கோளாறு சதையில் மட்டும் இருக்க முடியாது.

தண்டுவடத்திலுள்ள ஒரே ஓர் இயக்க நரம்பணு, தொடையில் பல நூறு தசை இழைகளை ஆட்டுவிக்கும். 1977-ல் டாம்லின்சனும் இர்விங்கும், 13 முதல் 95 வயது வரை வாழ்ந்து இறந்த 47 பேரின் தண்டுவடத்தில் இந்த அணுக்களை எண்ணினார்கள். 60 வரை பெரிய சேதமில்லை. அதற்குப் பிறகு சரிவு. சில முதியவர்களிடம் பாதிதான் மிச்சம்.

நரம்பணு செத்தால் அதன் இழைகள் சூம்பிப்போக வேண்டும். பல இழைகள் தப்பிக்கின்றன, ஏனென்றால் பக்கத்து நரம்பின் நுனி கிளைவிட்டு வந்து அவற்றைப் பற்றிக்கொள்கிறது. லைன் போன வீட்டுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து ஒயர் இழுப்பது மாதிரி. போனது மும்முனை இணைப்பு, கொடுப்பவர் வீட்டில் ஒருமுனை. விளக்கு எரியும், ஃபேன் சுற்றும், மாவு மில் மோட்டார் மட்டும் ஓடாது. அதே ஒயரை அடுத்த வீட்டுக்கும், அதற்கடுத்த வீட்டுக்கும் இழுப்பார்கள். கொடுத்தவர் வீட்டு ஃபியூஸ் போகும் நாளில் தெருவே இருட்டாகும். அதுவரை மின்வாரியத்துக்கு ஒரு புகார்கூடப் போயிருக்காது.

உடம்பில் இன்னொரு விந்தை உண்டு. 1960-ல் ஜான் எக்கிள்ஸ் குழுவினர் பூனைக்குட்டிகளின் காலில் வேகத் தசைக்கும் மெதுவான தசைக்கும் போகும் நரம்புகளை மாற்றித் தைத்தார்கள். வேகத் தசை மந்தமானது, மந்தத் தசை வேகம் பிடித்தது. எந்த நரம்பு பிடிக்கிறதோ அதன் குணம்தான் தசைக்கு! முதுமையில் வேக நரம்பணுக்களே அதிகம் அடிபடுவதால், தப்பிய இழைகள் மந்த நரம்புகளின் கைக்குப் போய் மந்தமாகின்றன. கோயில் பிரகாரத்தை நிதானமாக மூன்று முறை சுற்றும் பாட்டி, படி தடுக்கினால் அடுத்த காலைச் சட்டென்று ஊன்ற முடியாமல் விழுவது இதனால்தான்.

மருத்துவர்களும் மெல்ல இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். 2018-ல் சார்கோபீனியாவுக்கான ஐரோப்பிய நிபுணர் குழு சதையளவைப் பின்னுக்குத் தள்ளி, வலுவை முதல் அடையாளமாக்கியது. 2019-ன் ஆசிய அளவுகோலில் கைப்பிடி வலு ஆண்களுக்கு 28 கிலோ, பெண்களுக்கு 18 கிலோ; அதற்குக் கீழே போனால் கவனிக்க வேண்டும். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் ஐந்து முறை எழுந்து உட்கார 12 விநாடிக்கு மேல் ஆனாலும் அப்படித்தான்.

பவுடர்? உணவில் புரதம் பற்றாதவர்களுக்கு அது உதவலாம், மறுக்கவில்லை. ஆனால் 1994-ல் மரியா ஃபியட்டரோனி வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். பாஸ்டனில் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் 100 பேர், சராசரி வயது 87. பத்து வாரம் கால்களுக்கு எடைப் பயிற்சி செய்தவர்களின் தசை வலு இரண்டு மடங்கைத் தாண்டியது. சத்துபானம் மட்டும் குடித்தவர்களுக்குச் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை. செத்த நரம்பணு பயிற்சியால் திரும்புவதில்லை. மிஞ்சிய இழைகள் தடிக்கின்றன, நரம்பு அவற்றை ஒருசேர முடுக்கப் பழகுகிறது. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அவர்கள் தூக்கியது விளையாட்டு எடையல்ல, ஒவ்வொருவராலும் ஒரே தடவை அதிகபட்சமாகத் தூக்க முடிந்ததில் 80 சதவீதம். தசையில் எப்போதும் சிறிய, மந்த அலகுகளே முதலில் வேலைக்கு வரும்; பெரிய வேக அலகுகள் சுமை கூடினால்தான் எழும். மாலை நடை எவ்வளவு நல்லதானாலும் அவற்றை எழுப்பாது.