"இதுக்குப் போயா அழறே?" - வரிகளே இல்லாமல் கலங்கவைக்கும் 'ஹவ் டு நேம் இட்?'

வீட்டில் ஒருவர் பாட்டு கேட்டுக்கொண்டிருக்கிறார். திடீரென்று கண் கலங்குகிறது. பக்கத்தில் இருப்பவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "இதுக்குப் போயா அழறே?" என்கிறார். அவ்வளவுதான். அழுதவர் அடுத்த முறை அந்தப் பாட்டை யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் போடுவார்.

சோகப் பாட்டு என்றாலாவது சமாளிக்கலாம். வரிகளைக் காட்டலாம், படத்தில் அந்த இடத்தில் என்ன நடந்தது என்று கதை சொல்லலாம். வரியே இல்லாத, வயலின்கள் மட்டும் முன்னால் நிற்கும் இசைக்கு என்ன காரணம் சொல்வது? இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?' ஆல்பத்தை நேசிப்பவர்களுக்கு கிட்டத்தட்ட 40 வருடங்களாக இருக்கும் சங்கடம் இது.

'மௌன ராகம்', 'புன்னகை மன்னன்' வெளியான அதே 1986-ல்தான் இந்த ஆல்பமும் வந்தது. சினிமாவுக்கு ஓய்வில்லாமல் இசையமைத்துக்கொண்டிருந்தவர், படமே இல்லாமல், நாயகன் நாயகி இல்லாமல், 10 இசைக் கோவைகளை வெளியிட்டார். இதற்கு எப்படிப் பெயர் வைப்பது என்ற கேள்வியையே பெயராகவும் வைத்துவிட்டார்.

ஆல்பத்தை அவர் சமர்ப்பித்தது இரண்டு பேருக்கு. ஒருவர் திருவையாறு தியாகராஜர், இன்னொருவர் ஜெர்மனியின் பாக். நிஜத்தில் இவர்கள் சந்தித்திருக்கவே முடியாது. பாக் இறந்தது 1750-ல். தியாகராஜர் பிறந்தது 1767-ல். ஆனால், ஆல்பத்தில் உள்ள தலைப்புகளைப் பாருங்கள். 'என் வீட்டில் பாக்கைச் சந்தித்தேன்' என்று பொருள்படும் ஒரு கோவை, அதைத் தொடர்ந்து 'நாங்கள் பேசினோம்' என்று இன்னொன்று. தியாகராஜரை வரவேற்கவும் தனியாக ஒன்று உண்டு. 'ஒப்பிடாதே' என்ற தலைப்பிலும் ஒரு கோவை இருக்கிறது. விமர்சகர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவைத்தாரோ என்னவோ!

வயலின் வி.எஸ்.நரசிம்மன். இளையராஜாவின் படங்களில் பல வருடங்கள் ஒலித்த வயலின் அவருடையது. பின்னாளில் 'மெட்ராஸ் ஸ்டிரிங் குவார்டெட்' குழுவைத் தொடங்கியவர். பெயர் தெரியாதவர்களுக்கும் அவர் வில்லின் ஓசை பழக்கமானது. அதனால்தானோ என்னவோ, முதல்முறை கேட்பவர்களுக்கும் இந்த ஆல்பம் எங்கேயோ கேட்டதுபோலவே இருக்கும்.

எல்லோரும் கொண்டாடினார்கள் என்று சொல்லிவிட முடியாது. பாக் தனி வயலினுக்கு எழுதியதை எடுத்து, அதைச் சுற்றி வேறு வாத்தியங்களைச் சேர்க்கலாமா என்ற முணுமுணுப்பு ஒரு பக்கம். ராகத்துக்கு அடியில் மேற்கத்திய ஹார்மனியை வைத்தால் ராகம் ராகமாகவே இருக்குமா என்ற சந்தேகம் இன்னொரு பக்கம். இரண்டிலும் நியாயம் இல்லாமல் இல்லை. 'மேட் மாட் மூட் ஃபியூக்' போன்ற கோவைகள் நெஞ்சைவிட மூளைக்குத்தான் அதிக வேலை கொடுக்கின்றன. ஃபியூக் என்பதே ஒரு மெட்டு முன்னால் ஓட, அதே மெட்டு வேறு சுரத்தில் பின்னாலேயே துரத்திவரும் வடிவம். அதைக் கேட்டு வியக்கலாம், அழுவது கஷ்டம்.

ஆனால், தலைப்புக் கோவையில் கலங்கியவர்கள் நிறைய பேர். அவர்களிடம் காரணம் கேட்டால் இசையைப் பற்றிப் பேச மாட்டார்கள். அப்பா, பழைய வாடகை வீடு, ஹாஸ்டலின் முதல் இரவு என்று வேறு எதையோதான் சொல்வார்கள்.

'வீடு' பார்த்தவர்களுக்கு...

இவர்களில் ஒரு தனிக் கூட்டம் பாலுமகேந்திராவின் 'வீடு' வழியாக வந்தவர்கள். 1988-ல் வெளியான அந்தப் படத்தில் பாடல்களே கிடையாது. பின்னணிக்கு இந்த ஆல்பத்தின் இசையைத்தான் பாலுமகேந்திரா எடுத்துக்கொண்டார். சொந்த வீடு கட்டத் தவிக்கும் சுதாவாக அர்ச்சனா. அவருடைய தாத்தாவாக சொக்கலிங்க பாகவதர். பாதி கட்டிய வீட்டைத் தாத்தா தனியாகப் போய்ப் பார்க்கும் காட்சி வரும். பூசாத சுவர்களுக்கு நடுவே அவர் மெல்ல நடந்து பார்ப்பார். அதுவே அவருடைய கடைசிப் பயணமாகிவிடும்.

இந்தப் படத்தைப் பார்த்தவருக்கு அந்த வயலின் ஒலித்தாலே பூசாத செங்கல் சுவர் கண்ணுக்குத் தெரியும். வீட்டுக் கடனோடு மல்லுக்கட்டியவர் என்றால் கேட்கவே வேண்டாம். படத்துக்கு முன்பே கேசட்டில் கேட்டுப் பழகியவருக்கு அந்தத் தாத்தா இல்லை. அவருக்கு வேறு யாரோ. இசை ஒன்றுதான், ஒவ்வொருவருக்கும் நினைவுக்கு வருகிற ஆள் வேறு.

இதற்கு ஆய்வுக்கூடத்திலும் ஒரு சாட்சி உண்டு. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இசை கேட்கையில் மெய்சிலிர்ப்பவர்களின் மூளையை ஸ்கேன் செய்து, 2011-ல் 'நேச்சர் நியூரோசயின்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். சிலிர்க்கும் அந்த நொடியில் மட்டுமல்ல, அது வரப்போகிறது என்று காத்திருக்கும்போதே மூளையில் டோபமைன் சுரக்கிறதாம். அதைவிட சுவாரஸ்யம், ஆய்வை நடத்திய விதம். அவரவருக்குப் பிடித்த வாத்திய இசையை அவரவரே தேர்ந்தெடுத்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, ஒருவரைச் சிலிர்க்கவைத்த இசையையே இன்னொருவருக்கு 'சாதாரண' இசையாகப் போட்டார்கள். ஒருவர் உருகிய அதே இசையில் மற்றவர் சும்மா இருந்தார். பங்கேற்றவர்கள் 8 பேர்தான், சின்ன ஆய்வு. ஆனாலும், "இதுக்குப் போயா?" என்று கேட்பவரும் பொய் சொல்லவில்லை, அழுதவரும் நடிக்கவில்லை என்பது இதில் தெரிகிறது.

உணர்ச்சி ஒரே ஆளிடமும் ஒரே மாதிரி நிற்பதில்லை. 1991-ல் நான்கு வயது மகனைப் பறிகொடுத்த எரிக் கிளாப்டன், அந்தத் துயரத்தில் உருவாக்கிய பாடல் 'டியர்ஸ் இன் ஹெவன்'. 2004-ல் அதை மேடையில் பாடுவதை அவர் நிறுத்தினார். அந்த இழப்பின் வலி முன்புபோல் தன்னிடம் இல்லை என்பதுதான் காரணம். சில வருடங்கள் கழித்து மறுபடி பாடவும் செய்தார்.

'ஹவ் டு நேம் இட்?' இன்றைக்குக் கையில் உள்ள மொபைலிலேயே கேட்கக் கிடைக்கிறது. புதிதாகக் கேட்பவர்கள் தலைப்புக் கோவையில் ஆரம்பிக்கலாம். ஃபியூக் பக்கம் அப்புறம் போகலாம். 'வீடு' இன்னும் பார்க்கவில்லை என்றால், ஆல்பத்தை முதலில் கேட்டுவிடுங்கள். படம் பார்த்த பிறகு அந்தத் தாத்தாவை மறந்துவிட்டுக் கேட்பது கஷ்டம்.