பெயருக்குள் மறைந்த கூடம்

கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் சாலையில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்துள்ளது. ‘சிப்காட்’ என்பது 1971இல் தோன்றிய அரசு நிறுவனமொன்றின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம். மக்கள் வழக்கில் அது ஓர் இடப்பெயராகவே நிலைத்துவிட்டது. இதே வழியில் வந்த மற்றொரு சொல் ‘டாஸ்மாக்’. 1983இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மாநில வாணிபக் கழகத்தின் சுருக்கப் பெயர் அது. 2003 நவம்பரில் மதுவின் சில்லறை விற்பனை அக்கழகத்திடம் வந்த பின்னர், அலுவலகத்தின் பெயர் கடையின் பெயராயிற்று. கடையை ஒட்டித் தனியார் உரிமம் பெற்று நடத்தும் குடிக்கூடம் ‘பார்’ எனப்படுகிறது.

‘பார்’ என்பதன் மூலம் பழைய பிரெஞ்சு மொழியின் ‘பார்’; பொருள், குறுக்குக் கட்டை. விற்பவரையும் குடிப்பவரையும் பிரித்து நின்ற பலகைக்கு இட்ட பெயர், 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்தில் குடிக்கூடத்தையும் குறிக்கலாயிற்று. நீதிமன்றத்தில் நடுவர் இருக்கையைப் பிரித்து நின்ற தடுப்பும் அதே ‘பார்’தான். வழக்கறிஞரின் ‘பார் கவுன்சிலும்’ ‘பாரிஸ்டரும்’ அதிலிருந்து கிளைத்தவையே. ஒரே கட்டை ஓரிடத்தில் சட்டத்தின் அடையாளமாயிற்று. மற்றோரிடத்தில் போதையின் வாயிலாயிற்று.

பிற மொழிகளிலும் இவ்வாறே. ஆங்கில ‘டேவர்ன்’ இலத்தீனில் வெறும் குடிலையும் கடையையும் குறித்த சொல்லின் வழிவந்தது. அரபியின் ‘ஹானூத்’ பழங்காலத்தில் மது விற்பவனின் கடை; இன்று மொரோக்கோவில் அது மளிகைக்கடையைக் குறிக்கும் சாதாரணச் சொல். பாரசீகத்தில் ‘ஆப்’ என்றால் நீர். அதிலிருந்து வந்த ‘ஆப்காரி’, 1886ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டத்தின் வழியே நம் நாட்டு ஆவணங்களிலும் இடம்பெற்றது. பேச்சுத் தமிழில் ‘தண்ணி’ என்பதும் இத்தகைய இடக்கரடக்கலே.

பலகை, குடில், கடை, நீர், அலுவலகம் என யாவும் பெயராக வந்தன. உள்ளே நிகழ்வது மட்டும் பெயரில் வரவில்லை. இவையனைத்தும் திட்டமிட்ட மறைப்புகள் என்று கூறுவதற்கில்லை. பெரும்பாலானவை பொருள் நழுவலால் தாமாக அமைந்தவை. எனினும் விளைவு ஒன்றே.

இங்கு ‘கம்ர்’ என்னும் அரபுச் சொல் சிந்திக்கத்தக்கது. அதன் வேர்ச்சொல்லுக்கு மூடுதல், மறைத்தல் என்பது பொருள். பெண்களின் தலைத்துணியான ‘கிமார்’ இவ்வேரில் பிறந்ததே. புளிக்கும்வரை மூடி வைக்கப்படுவதால் இப்பெயர் என்பார் சிலர். அறிவை மூடுவதால் என்பார் பலர். உமர் (ரலி) அவர்கள் அறிவை மறைக்கும் இத்தன்மையையே கம்ரின் இலக்கணமாகக் கொண்டார்கள். ஆகவே எப்பெயரில் வரினும் தன்மையே அளவுகோல்.

ஒளிவின்றிப் பேசிய ஒரு சொல்லும் உண்டு. பாரசீகக் கவிஞர்கள் மதுக்கூடத்தைக் ‘கராபாத்’ என்றனர்; பாழடைந்த இடங்கள் என்பது அதன் நேர்ப்பொருள். ஹாஃபிஸ் போன்றோர் கவிதையில் ‘நான்’ எனும் செருக்கு பாழாகும் ஞானநிலையின் குறியீடாக அது உயர்ந்தது வேறு செய்தி. சொல்லின் அடித்தளம் அழிவேயாகும்.

சேலம் மாவட்டத்தில் 1937இல் தொடங்கிய மதுவிலக்கு, சிப்காட் பிறந்த அதே 1971இல் தளர்த்தப்பட்டது. 2024 சூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்திற்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் பலியாயினர். அதனைக் ‘கள்ளச்சாராயம்’ என்றோம். குற்றம் முழுவதையும் ‘கள்ள’ என்னும் அடைமொழி ஏற்றுக்கொண்டது. உரிமம் பெற்ற கூடத்திலோ அந்த அடைமொழியும் இல்லை.

மாதச் சம்பளம் வாங்கிய தொழிலாளி ‘பாருக்குப் போகிறேன்’ என்கையில், அவர் வீட்டார் அச்சொல்லில் கேட்பது பலகையை அன்று. கராபாத் என்றவர்கள் கண்ட பொருளையே அவர்கள் கேட்கின்றனர். மூடிய சொல்லைத் திறந்து பார்ப்பது மொழியாராய்ச்சி மட்டுமன்று. அறிவின் மீது விழுந்த திரையை விலக்கும் முதற்பணியும் அதுவே.