எங்கள் ஊரை நாங்களே கீறிப் பார்த்தோம்

மழை பெய்யவேண்டிய மாதத்தில் வெயில் எரிக்கின்றது. பெய்யத் தொடங்கினால் ஒரு மாதத்து மழை இரண்டு நாளில் கொட்டித் தீர்க்கின்றது. வன்னியில் வயலும் தோட்டமும் செய்கின்ற பெண்களுக்கு இதனை எவரும் படிப்பிக்கத் தேவையில்லை. 2016 இன் மாரி பொய்த்து, 2017 இல் குளங்கள் வற்றின. 2018 டிசெம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்கள் வெள்ளத்தில் தத்தளித்தன. காற்றின் வெப்பம் ஒரு பாகை செல்சியஸ் கூடினால், அது ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும். அதனாலேயே பெய்யும் மழை பெருமழையாகின்றது.

வானத்தை மாற்ற எம்மால் முடியாது. ஊரை ஆயத்தப்படுத்தலாம். அதற்காக எமது மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் கைக்கொண்ட வழிகளை இங்கு எழுதுகின்றேன். இவற்றைப் பங்கேற்புத் திட்டமிடல் என்பார்கள். பிரித்தானிய ஆய்வாளர் ரொபேட் சேம்பர்ஸ் போன்றோர் 1990களில் இம்முறைகளைப் பல நாடுகளுக்கும் அறிமுகப்படுத்தினர். இதற்குக் கணினி வேண்டாம். எழுத வாசிக்கத் தெரிந்திருக்கவும் தேவையில்லை.

ஊர்ப் படம்

முற்றத்தைக் கூட்டி, வீதிகளைச் சாம்பலால் கீறினோம். வீட்டுக்குத் தீப்பெட்டி, கிணற்றுக்குச் சிரட்டை. ஆண்கள் தனியாகவும் பெண்கள் தனியாகவும் படம் அமைத்தோம். ஆண்களின் படத்தில் குளமும் வாய்க்காலும் வயலும் இருந்தன. எமது படத்தில் குடிதண்ணீர்க் கிணறுகளும் மலசலகூடங்களும் ஆட்டுக் கொட்டில்களும் இருந்தன. இரண்டையும் சேர்த்தபோதுதான் ஊர் முழுமையாயிற்று.

அப்போது ஆச்சி ஒருவர் தன் பொல்லால் ஒரு கோடு இழுத்தார். "குளம் வான் பாய்ஞ்சால் தண்ணி இதாலதான் போகும், பிள்ளையள். அந்தக் காலத்தில ஒருத்தரும் இதில வீடு கட்டினதில்லை."

அந்தக் கோட்டின் மேல் ஐந்து தீப்பெட்டிகள் இருந்தன. மூன்று, பெண்கள் தனித்து நடத்தும் குடும்பங்களின் வீடுகள். மீள்குடியேறியபோது அங்கே பற்றைக்காடுதான் இருந்தது. நீரோடும் பாதையைச் சொல்லித்தர வேண்டிய மூத்தவர்கள் பலரை யுத்தத்தில் இழந்திருந்தோம். உயிர்களோடு ஊரின் ஞாபகமும் அறுந்துபோயிருந்தது.

பருவகால நாட்காட்டி

பன்னிரண்டு மாதங்களையும் வரிசைப்படுத்தி, மழை, விதைப்பு, கூலிவேலை, கடன், காய்ச்சல் ஆகியவற்றுக்குப் புளியங்கொட்டைகளை வைத்தோம். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கடனும் காய்ச்சலும் குவிந்தன. கூலிவேலைக்கு ஒரு கொட்டைகூட விழவில்லை. வெள்ளம் வருவதும் அக்காலத்தில்தான். ஆகவே காலபோக அறுவடை முடியும் மாசியிலேயே, மாரிக்கெனச் சங்கச் சேமிப்பில் தனிப் பங்கு ஒதுக்கத் தீர்மானித்தோம்.

எது முதலில்?

ஒவ்வொருவருக்கும் ஐந்து கொட்டைகள். எது அவசரமோ அதன்மேல் வைக்கலாம். கிணற்றுக் கட்டை உயர்த்துதல் முதலாவதாக வந்தது. வெள்ளத்தில் மலசலகூடக் குழிநீர் கிணற்றில் கலந்த அனுபவம் எமக்குண்டு. ஆச்சி காட்டிய பாதையைத் துப்புரவாக்கி மதகு அமைப்பது இரண்டாவது.

ஓர் இளம் தாய் ஐந்து கொட்டைகளையும் கையிலேயே வைத்திருந்தார். "வெள்ளம் வந்த இரவு பிள்ளையைத் தூக்கினன். அடுத்ததா இவற்ற பைலைத் தூக்கினன். அதுக்கு இதில இடமில்லையே அக்கா?" என்றார். காணாமற்போன கணவருக்காகக் கொடுத்த முறைப்பாடுகளின் பிரதிகள் அவை. அவை கரைந்துபோனால் எந்த வாசலில் மீண்டும் தொடங்குவது? அந்த நேரத்தில் எவரும் பேசவில்லை. மூன்றாவது வேலையாக அது சேர்ந்தது. இன்று எமது வீடுகளில் காணி உறுதி, அடையாள அட்டை, மரணச் சான்றிதழ், முறைப்பாட்டுக் கடிதம் எல்லாம் இரட்டைப் பொலித்தீனில் உள்ளன. போட்டோப் பிரதி வேறு ஊரிலுள்ள உறவினரிடம் உள்ளது.

கிணற்றுக் கட்டைச் சிரமதானத்தில் உயர்த்திவிட்டோம். மதகுக்கான கோரிக்கையைப் பிரதேச செயலகத்தில் கொடுத்துக் காத்திருக்கின்றோம். அந்த ஐந்து வீடுகளும் இன்னும் அங்கேதான் இருக்கின்றன. ஆனால் வான் பாயும் செய்தி கிடைத்ததும் யார் யாரை அழைத்துக்கொண்டு மேட்டிலுள்ள பாடசாலைக்குப் போவதென்பது முடிவாகியிருக்கின்றது.

சகோதரிகளே, உங்கள் ஊரிலும் இதனைச் செய்து பாருங்கள். கூலிவேலைக்குப் போகும் பெண்கள் வரக்கூடிய பின்னேரத்தில் கூட்டத்தை வையுங்கள். வயதானவர்களையும் பேசத் தயங்குபவர்களையும் அழைத்து வாருங்கள். முற்றத்துப் படத்தைக் கலைக்குமுன் தாளில் கீறி, ஒரு பிரதியைச் சங்கத்தில் வைத்திருங்கள். யாராவது ஆயத்தமான திட்டத்துடன் வந்து கையொப்பம் கேட்டால், அதில் உங்கள் கிணறு இருக்கின்றதா என்று முதலில் பாருங்கள்.