வீட்டு அகலப்பட்டைத் திசைவியை நிறுவுதலும் அமைத்தலும்

வீட்டு அகலப்பட்டைத் திசைவி என்பது, இணையச் சேவை வழங்குநரிடமிருந்து வீட்டுக்கு வரும் ஒரே இணைப்பைக் கணினி, கைப்பேசி, தொலைக்காட்சி முதலிய பல கருவிகளுக்குப் பகிர்ந்தளிக்கும் மின்னணுக் கருவியாகும். பேச்சுவழக்கில் இது ரவுட்டர், மோடம், வைஃபை பெட்டி எனப் பலவாறு அழைக்கப்படுகிறது. பெரும்பாலான வீடுகளில் சேவை நிறுவனத்தின் பணியாளரே இதைப் பொருத்திவிட்டுச் செல்கிறார். விளக்குகள் எரிந்து இணையம் வந்தவுடன் வேலை முடிந்துவிட்டதாகக் கருதப்படுகிறது. ஆயினும் கருவியை வைக்கும் இடம், கடவுச்சொற்கள், பாதுகாப்பு அமைப்புகள் ஆகியவற்றை வீட்டுக்காரரே கவனிக்க வேண்டியுள்ளது. அந்த இணைப்பின் வழியே நடப்பவற்றுக்கு முதலில் விசாரிக்கப்படுபவர் அதன் சந்தாதாரரே ஆவார்.

மோடமும் திசைவியும்

இவ்விரண்டும் வெவ்வேறு பணிகளைச் செய்பவை. வெளியிலிருந்து வரும் கம்பியின் குறிகையைக் கணினிக்குப் புரியும் தரவாக மாற்றுவது மோடம். அத்தரவை வீட்டிலுள்ள கருவிகளுக்குப் பிரித்துக் கொடுப்பது திசைவி. பழைய தொலைபேசிச் செப்புக் கம்பி வழி வந்த இணைப்புகளில் மோடம் பயன்பட்டது. இன்றைய கண்ணாடி இழை இணைப்புகளில் அதன் இடத்தில் ஒளிவலை முனையம் உள்ளது. மோடம் அல்லது முனையம், திசைவி, வைஃபை பரப்பி ஆகிய மூன்றும் இப்போது பெரும்பாலும் ஒரே பெட்டிக்குள் வருகின்றன.

இயங்கும் முறை

இணையத்தில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் ஐபி முகவரி தேவை. நான்காம் பதிப்பு ஐபி முறையில் ஏறத்தாழ 429 கோடி முகவரிகளே உண்டு. எல்லாக் கருவிகளுக்கும் அவை போதா. எனவே வீட்டுக்கு ஒரு பொது முகவரி மட்டும் கொடுத்து, உள்ளே தனி முகவரிகளைப் பயன்படுத்தும் முறை வந்தது. 192.168 என்று தொடங்கும் எண்கள் இத்தகைய உள்முகவரிகளாகும்.

இதை ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புடன் ஒப்பிடலாம். வெளியுலகுக்குக் கட்டடத்தின் ஒரே கதவு எண் தெரிந்தால் போதும். வரும் கடிதங்களை எந்த வீட்டுக்குக் கொடுப்பது என்பது வாயிற்காவலருக்குத் தெரியும். திசைவி செய்வது அந்தக் காவலரின் வேலை. புதிதாக இணையும் ஒவ்வொரு கருவிக்கும் உள்முகவரியைத் தானே ஒதுக்கித் தருவதும் அதுவே.

இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

வைஃபை அலைகள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்னும் இரு அலைவரிசைகளில் செல்கின்றன. முதலாவது சுவர்களை ஓரளவு ஊடுருவித் தொலைவு வரை செல்லும், வேகம் குறைவு. இரண்டாவது வேகம் மிக்கது. ஆனால் இரண்டு சுவர்களைத் தாண்டினால் வலுவிழக்கும். இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பின்வருவனவற்றைக் கவனிக்க வேண்டும்.

- வீட்டின் நடுப்பகுதியில், தரையிலிருந்து ஐந்தாறு அடி உயரத்தில் வைப்பது நல்லது.
- இரும்பு பீரோ, பெரிய நிலைக்கண்ணாடி, தண்ணீர்த் தொட்டி, மீன்தொட்டி ஆகியவை அலைகளைத் தடுக்கும். தொலைக்காட்சிக்குப் பின்புறமும் மூடிய அலமாரியும் ஏற்றவையல்ல.
- மைக்ரோவேவ் அடுப்பு 2.4 கிகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைகளில் இயங்குவதால், அது ஓடும்போது அருகில் இணைப்பு தடுமாறும்.
- கருவி சூடாகும் இயல்புடையது. காற்றுத் துளைகளைத் துணியால் மூடக்கூடாது.

கம்பி உள்ளே நுழையும் வாசலருகிலேயே பெட்டியைப் பொருத்துவது பணியாளருக்கு எளிது. சில மீட்டர் இழையைக் கூடுதலாக இழுத்து நடுக்கூடத்தில் வைக்கும்படி பொருத்தும் நாளிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். பின்னர் மாற்றுவது கடினம்.

இணைக்கும் படிகள்

1. கண்ணாடி இழையை முனையத்தில் செருக வேண்டும். இழையைக் கூர்மையாக மடக்கினால் ஒளி கசிந்து இணைப்பு அறுபடும். அகன்ற வளையமாகச் சுற்றி வைக்கலாம். அதன் முனையை விரலால் தொடுவதும் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்ப்பதும் கூடாது. உள்ளே வரும் அகச்சிவப்பு ஒளி கண்ணுக்குத் தெரியாது.
2. முனையமும் திசைவியும் தனித்தனிப் பெட்டிகளாயின், முனையத்தின் லேன் துளையிலிருந்து திசைவியின் வான் துளைக்கு ஈதர்நெட் வடத்தை இணைக்க வேண்டும். வான் என்பது வெளி வலையமைப்பையும், லேன் என்பது வீட்டினுள் வலையமைப்பையும் குறிக்கும்.
3. பெட்டியுடன் வந்த மின்மாற்றியையே பயன்படுத்த வேண்டும். பல கருவிகள் 12 வோல்ட்டில் இயங்குகின்றன. வேறு மின்னழுத்தம் தரும் மாற்றி செருகியில் பொருந்தினாலும் கருவியைக் கெடுத்துவிடும்.
4. மின்சாரம் கொடுத்து, விளக்குகள் நிலைபெறும் வரை சில நிமிடம் காத்திருக்க வேண்டும். பான் விளக்கு பச்சையாக நிலைத்து எரிந்தால் ஒளி இணைப்பு சரி. எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக மின்னினால் ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். இது பெரும்பாலும் வெளியே இழை அறுந்ததால் நேர்வது. அமைப்புகளை மாற்றிப் பயனில்லை. நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

அமைப்புப் பக்கத்தைத் திறத்தல்

திசைவியுடன் இணைந்த கணினியிலோ கைப்பேசியிலோ உலாவியைத் திறந்து, முகவரிப் பட்டையில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 எனத் தட்டச்சு செய்தால் நுழைவுப் பக்கம் வரும். சரியான எண்ணும், தொடக்கப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் பெட்டியின் அடிப்புற ஒட்டியில் அச்சிடப்பட்டிருக்கும். கைப்பேசியில் இதைச் செய்யும்போது மொபைல் டேட்டாவை அணைத்துவிட வேண்டும். இல்லாவிடில் கைப்பேசி வெளி இணைப்புக்குத் தாவி, பக்கம் திறக்காமல் போகக்கூடும்.

பல நிறுவனங்களின் இணைப்பு, பிபிபிஓஇ எனும் முறையில் தனிப் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கொண்டு இயங்குகிறது. எதையும் மாற்றுமுன் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்தோ குறிப்பேட்டில் எழுதியோ வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு கடவுச்சொற்கள்

பலரும் குழப்பிக்கொள்ளும் இடம் இது. வைஃபை கடவுச்சொல் என்பது வீட்டுக்குள் நுழையும் சாவி. நிர்வாகக் கடவுச்சொல் என்பது பூட்டையே மாற்றும் உரிமை. முதலாவதை மட்டும் மாற்றிவிட்டு, இரண்டாவதைத் தொழிற்சாலை வைத்தபடியே விட்டுவிடுபவர்கள் உண்டு.

2016ஆம் ஆண்டில் பரவிய மிராய் என்னும் தீநிரல் இந்தப் பழக்கத்தையே பயன்படுத்திக்கொண்டது. தொழிற்சாலையில் வைக்கப்படும் 60க்கும் மேற்பட்ட பெயர், கடவுச்சொல் இணைகளை ஒவ்வொன்றாக முயன்று, உலகெங்கும் திசைவிகளையும் கண்காணிப்புக் கேமராக்களையும் அது கைப்பற்றியது. அவற்றைக் கொண்டு அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று தொடுக்கப்பட்ட தாக்குதலில் டுவிட்டர் உள்ளிட்ட பல தளங்கள் பல மணி நேரம் முடங்கின.

நிர்வாகப் பக்கத்தைக் கைப்பற்றியவர் அதிலுள்ள டிஎன்எஸ் முகவரியையும் மாற்ற முடியும். தளத்தின் பெயரைக் கொண்டு அதன் ஐபி முகவரியைத் தேடித்தரும் ஏற்பாடே டிஎன்எஸ். அது பொய்யாக மாற்றப்பட்டால், வங்கியின் பெயரைச் சரியாகத் தட்டச்சு செய்தாலும் போலிப் பக்கத்துக்குச் செல்ல நேரலாம். பாதுகாப்புச் சான்றிதழ் சரியில்லை என்று உலாவி எச்சரித்தால், தாண்டிச் செல்லாமல் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

வைஃபை பாதுகாப்பு

1997இல் வந்த டபிள்யூஇபி குறியாக்கம் 2001இலேயே உடைக்கப்பட்டுவிட்டது. இன்று டபிள்யூபிஏ2 அல்லது 2018இல் அறிமுகமான டபிள்யூபிஏ3 முறையையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

டபிள்யூபிஏ2 கடவுச்சொல் 8 முதல் 63 எழுத்துகள் வரை இருக்கலாம். நம் நாட்டில் பலர் தம் கைப்பேசி எண்ணையே இதற்கு வைக்கின்றனர். இந்தியக் கைப்பேசி எண்கள் 6, 7, 8, 9 ஆகியவற்றில் ஒன்றில் தொடங்கும் பத்து இலக்கங்கள். ஆக, மொத்தம் 400 கோடி எண்களே சாத்தியம். கருவி இணையும்போது பரிமாறப்படும் அலைத் தரவை ஒருவர் பதிவு செய்துகொண்டால், திறன்மிக்க வரைகலை அட்டை கொண்ட கணினி அத்தனை எண்களையும் சில மணி நேரத்தில் முயன்றுவிடும். தொடர்பில்லாத நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதினால் நினைவிலும் நிற்கும், கண்டுபிடிப்பதும் அரிது.

பொத்தானை அழுத்தியோ எட்டு இலக்க எண்ணைக் கொடுத்தோ இணைக்கும் டபிள்யூபிஎஸ் வசதியை அணைத்துவிடுவது நல்லது. அந்த எண் இரண்டு பாதிகளாகத் தனித்தனியே சரிபார்க்கப்படுவதால், அதிகபட்சம் 11,000 முயற்சிகளில் கண்டுபிடிக்கலாம் என்பது 2011இல் வெளிப்பட்டது. வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதியையும் அணைத்து வைக்கலாம்; நிறுவனப் பெட்டியாயின் அவர்களிடம் கேட்டுச் செய்ய வேண்டும். விருந்தினர்களுக்குத் தனி விருந்தினர் வலையமைப்பைத் திறந்து கொடுக்கலாம்.

இவை வெறும் முன்னெச்சரிக்கைகள் அல்ல. 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத் தொடர் குண்டுவெடிப்புகளுக்குச் சற்றுமுன் வந்த மிரட்டல் மின்னஞ்சலின் தடம், நவி மும்பையில் ஒரு குடியிருப்பின் வைஃபை இணைப்பில் போய் முடிந்தது. இணைப்பை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தனர். விசாரணையைச் சந்தித்தவர் சந்தாதாரர்.

பழைய திசைவியை மாற்றும்போது, பழைய பெயரும் கடவுச்சொல்லும் வலுவானவையாக இருந்தால் அவற்றையே புதியதிலும் வைக்கலாம். கருவிகள் பெரும்பாலும் தாமாகவே இணைந்துகொள்ளும்.

வேகக் குறைவும் பிற சிக்கல்களும்

வேகம் மெகாபிட்டில் சொல்லப்படுகிறது. கோப்பின் அளவு மெகாபைட்டில் காட்டப்படுகிறது. 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். எனவே 100 மெகாபிட் இணைப்பில் நொடிக்கு 12.5 மெகாபைட்டுக்கு மேல் இறங்காது. குறை இருப்பதாகத் தோன்றினால், கணினியை வடத்தால் நேரே இணைத்து அளந்து பார்க்க வேண்டும். வடத்தில் வேகம் சரியாக இருந்து வைஃபையில் குறைந்தால், குறை வீட்டுக்குள் உள்ளது. வடத்திலும் குறைந்தால் நிறுவனத்திடம் முறையிடலாம்.

2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 ஆகிய தடங்கள் ஒன்றோடொன்று மேற்படியாதவை. அண்டை வீடுகளில் நெரிசல் இருந்தால் இவற்றுள் ஒன்றுக்கு மாற்றிப் பார்க்கலாம்.

திசைவி திணறும்போது மின்சாரத்தை நிறுத்தி அரை நிமிடம் கழித்துப் போடுவது தீங்கற்றது. பின்புறச் சிறு துளைக்குள் ஊசியால் அழுத்தும் ரீசெட் பொத்தான் வேறு. அது எல்லா அமைப்புகளையும் அழித்துவிடும். இணைப்பு விவரங்கள் கையில் இல்லாமல் அதை அழுத்தக்கூடாது.

மின்தடையின்போது

செப்புக் கம்பித் தொலைபேசிக்கு மின்சாரம் தொலைபேசி நிலையத்திலிருந்தே வந்தது. வீட்டில் மின்சாரம் இல்லாதபோதும் அது ஒலித்தது. கண்ணாடி இழை வழி இயங்கும் தொலைபேசி, திசைவி அணைந்தவுடன் பேசாது. முதியோர் தனித்திருக்கும் வீடுகளில் இதை நினைவில் கொள்வது இன்றியமையாதது. திசைவிக்கென்றே விற்கப்படும் சிறிய யுபிஎஸ் ஒன்றைப் பொருத்துவதும், கைப்பேசியில் எப்போதும் மின்னூட்டம் வைத்திருப்பதும் இதற்குத் தீர்வாகும்.

கருவியைத் திருப்பிக் கொடுக்கும்போதும் விற்கும்போதும் ரீசெட் பொத்தானை அழுத்தி அமைப்புகளை அழித்துவிட வேண்டும். வைஃபை கடவுச்சொல்லும் இணைப்பு விவரங்களும் அதற்குள்ளேயே பதிவாகியிருக்கும்.